"ஐ ஆம் டிஃபிகல்ட்"னு ஆரம்பிக்கிற நம்ம ஆளுங்க: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

ரங்கூன், டியூஷன் எடுக்கிற அக்கா:

சிங்கப்பூர், மலேசியான்னு வேலைக்குக் கிளம்புற நம்ம தமிழ்ப் பிள்ளைங்களுக்கு சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலிஷ் சொல்லிக் குடுக்குறேன். இன்டர்வியூ மாதிரி எதிர்ல உக்கார வச்சு பேச விட்டா முக்காவாசிப் பேரு வாயில முதல்ல வர்றது "ஐ ஆம் டிஃபிகல்ட் டு ஸ்பீக் இங்கிலிஷ்". பாவம், எனக்கு இங்கிலிஷ் பேச கஷ்டமா இருக்குன்னுதான் சொல்ல வர்றாங்க, ஆனா கேக்குறவன் காதுல "ஐ ஆம் டிஃபிகல்ட்" வரைக்கும் விழுந்தாலே, நான் சமாளிக்க முடியாத ஆளு, என்னை வேலைக்கு எடுக்காதீங்கன்னு தானே சொல்லிக்கிற மாதிரி ஆயிடும். "ஐ ஃபைண்ட் இட் டிஃபிகல்ட் டு ஸ்பீக்"னு சொல்லணும், இல்லன்னா "இட் இஸ் டிஃபிகல்ட் ஃபார் மீ".

போன வாரம் ஒரு தம்பி. வாயெல்லாம் குன்யா, அதான் வெத்தலை பாக்கு, சிவப்பு, வெளிய போய் துப்பிட்டு வந்து உக்காந்தான். உன்னைப் பத்தி சொல்லுப்பான்னா "ஐ ஆம் ஹார்ட் டு கிவ் அப்"ங்கிறான். லேசுல விட்டுட மாட்டேன், கடைசி வரைக்கும் பாத்துடுவேன்னு சொல்ல நினைச்சிருக்கான். நான் கேட்டேன், "ஏண்டா, நீ மனுசனா, குன்யாவா?" முழிச்சான். வெத்தலையைத்தான் "ஹார்ட் டு கிவ் அப்"னு சொல்லலாம், சிகரெட்டை சொல்லலாம், ஏன்னா முன்னாடி நிக்கிறது விடப்படுற பொருள், விடுறது வேற யாரோ. "ஐ டோன்ட் கிவ் அப் ஈஸிலி"னு சொல்லுடான்னேன், இப்ப கிளாஸ்ல எல்லாரும் அவனை ஹார்ட் டு கிவ் அப்னுதான் கூப்பிடுறாங்க.

ஈஸி, ஹார்ட், டிஃபிகல்ட், டஃப், இம்பாசிபிள், டேஞ்சரஸ், ஃபன் இதெல்லாம் ஒரு கட்சி. அங்க முன்னாடி இருக்கிறவன் ஒண்ணும் செய்யமாட்டான், அவனுக்குத்தான் செய்யப்படும். ஈகர், வில்லிங், கீன், குவிக், ஸ்லோ எல்லாம் எதிர்க்கட்சி, அங்க முன்னாடி இருக்கிறவன்தான் செய்யுறவன். மொழியியல் அறிஞர் சாம்ஸ்கி 1964-லயே இதைத்தான் "ஈஸி டு ப்ளீஸ்", "ஈகர் டு ப்ளீஸ்"னு பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினாரு, பாக்க ஒரே அச்சு, உள்ள நேர் எதிர். ஜான் ஈஸி டு ப்ளீஸ்னா அவரை சந்தோசப்படுத்துறது சுலபம், ஈகர்னா அவரு மத்தவங்களை சந்தோசப்படுத்தத் துடிக்கிறாரு. உங்களுக்கு இப்படி எதாவது நடந்திருந்தா எழுதுங்க, கரண்ட் போறதுக்குள்ள இதை போஸ்ட் பண்ணிடுறேன்.

மோல்மேன், கப்பல்காரன்:

அக்கா குன்யா கதை சூப்பர். எங்க கப்பல்ல ஒரு தடவை டெக் ரெயிலிங் ஒரு இடத்துல லூசாயிடுச்சு, வெல்டிங் பண்ற வரைக்கும் அட்டையில எழுதிக் கட்டுங்கடான்னாங்க, நம்ம பசங்க "திஸ் ரெயில் இஸ் நாட் சேஃப் டு லீன்"னு பெரிய எழுத்துல எழுதிக் கட்டிட்டாங்க. சீஃப் ஆபீசர் வந்து பாத்தாரு, ஒண்ணும் பேசல, பாக்கெட்டுல இருந்த மார்க்கரை எடுத்து கடைசியில "ஆன்"னு மட்டும் சேத்துட்டுப் போயிட்டாரு. லீன் ஆன், அந்த ஆன் இல்லன்னா எது மேல சாயறதுன்னே இல்லாமப் போயிடுது. "ஹோல்ட் ஆன் டு" இன்னும் மோசம், "சேஃப் டு ஹோல்ட் ஆன் டு"னு முன்னாடி ஒரு டு பின்னாடி ஒரு டு, நம்ம பசங்க டைப்பிங் மிஸ்டேக்னு நினைச்சு ஒண்ணை அடிச்சே விட்டுடுவாங்க.

அப்புறம் இந்த "ஷ்யூர்". எங்களை மாத்தி விட வரவேண்டிய ஆளு வருவானா மாட்டானான்னு எல்லாரும் தவிச்சிட்டிருந்தப்ப ஏஜென்ட் போன்ல "ஹி இஸ் ஷ்யூர் டு டர்ன் அப்"னான். என் கூட இருந்த பையன் சொல்றான், "அவனுக்கு ஷ்யூரா இருந்தா என்னண்ணே, ஏஜென்டுக்கு ஷ்யூரா இருக்கான்னு கேளுங்க". ஆனா அந்த நம்பிக்கை ஏஜென்டோடதுதான், வர்றவனுக்கு அதுல சம்பந்தமே இல்ல. வர்றவனே நம்பிக்கையா இருக்கான்னா "ஷ்யூர் ஆஃப்"னு போகணும். லைக்லி, பவுண்ட் எல்லாம் இதே சாதி. அக்கா சொன்ன ரெண்டு கட்சியிலயும் இதுங்க சேராது.

ரங்கூன், டிரேடிங் கம்பெனி கிளார்க்:

எங்க ஆபீஸ்ல லெட்டர் எல்லாம் என் டேபிளுக்கு வந்துட்டுத்தான் போகும். வேலையை விட்டுப் போற பொண்ணுக்கு ரெஃபரன்ஸ் லெட்டர், டிராஃப்ட்ல "ஷி இஸ் ஈஸி டு கெட் அலாங்"னு வரும், வித் காணாது. திருத்திக் குடுத்தா அடுத்த தடவை "கெட் அலாங் வித் ஹர்"னு ஒரு ஆளைக் கூடுதலா சேத்துடுவாங்க. வித் இருக்கணும், ஹர் இருக்கக் கூடாது, ஏன்னா அந்த ஷி ஏற்கனவே முன்னாடி போய் உக்காந்தாச்சு. "ஹார்ட் டு ஃபில் இட் இன்"னு ஃபார்மைப் பத்தி எழுதுறதும் அதே கேஸ்தான், "ஹார்ட் டு ஃபில் இன்" போதும்.

எனக்குத் தோணுறது, தமிழ்ல கூட, கிட்ட, மேல எல்லாம் ஆளோட ஒட்டிக்கிட்டே வரும், "அவ கூட பழகுறது சுலபம்"னு, அதனால ஆளை முன்னாடி தூக்கினதும் ஒட்டினதைத் தனியா பின்னாடி விட்டுட்டு வர கை போகமாட்டேங்குது. பர்மாக்காரங்களுக்கு பாதி தூரம் ஈஸி, "சா யா காங் தே", "ப்யோ யா கெத் தே"னு அவங்களே செயலைச் சொல்லிட்டு நல்லாருக்கு, கஷ்டம்னு பின்னாடி வைக்கிறாங்க, "குட் டு ஈட்", "ஹார்ட் டு சே" எல்லாம் அவங்க வாயில தன்னால வந்துடும். ஆனா கடைசியில தொங்குற வித், டு, ஆன் வந்துட்டா அவங்களும் நம்ம கூடவேதான் நிக்கிறாங்க.

பெகு, நர்சரி டீச்சர்:

சயாமா (டீச்சரக்கா), இங்கிலிஷே தாய்மொழியா இருக்கிற பிள்ளைங்களுக்கே இது சீக்கிரம் பிடிபடலையாம். 1969-ல கேரல் சாம்ஸ்கி செஞ்ச ஆராய்ச்சி, அவங்க சாம்ஸ்கியோட மனைவி, அஞ்சுல இருந்து பத்து வயசுப் பிள்ளைங்க முன்னாடி கண்ணைக் கட்டின பொம்மையை வச்சு, இந்த பொம்மை ஈஸி டு சீயா ஹார்ட் டு சீயான்னு கேட்டிருக்காங்க. சின்னதுங்க நிறைய ஹார்ட்னு சொல்லியிருக்குங்க, பொம்மைக்குக் கண்ணு தெரியலையாம்! வயசு ஏற ஏறத்தான் சரியா சொல்லியிருக்காங்க.

நானும் சும்மா என் கைக்குட்டையை வச்சு ஒரு கரடி பொம்மைக்குக் கட்டி எங்க பிள்ளைங்க கிட்ட கேட்டேன். ஒரு வாண்டு ஹார்ட்னுச்சு. சரி, ஈஸி டு சீயா ஆக்குன்னேன், எழுந்து வந்து கைக்குட்டையை அவுத்து கரடி கண்ணை ரெண்டு விரலால தொடச்சு விட்டுட்டுப் போய் உக்காந்துக்கிச்சு. அதுக்கு மேல நான் என்ன திருத்துறது.

மோல்மேன், கப்பல்காரன்:

டீச்சர், பொம்மை மேட்டர் படிச்சதும் எங்க குக்கு ஞாபகம் வந்துட்டாரு. "சிக்கன் இஸ் ரெடி டு ஈட்"னு கத்துவாரு, உடனே யாராவது ஒருத்தன் அதுக்கு தீனி போடுங்கப்பாம்பான். ரெடி எந்தக் கட்சி அக்கா?

ரங்கூன், டியூஷன் எடுக்கிற அக்கா:

ரெடி ரெண்டு கட்சியிலயும் ஓட்டு வாங்குற ஆளு தம்பி, இடத்தைப் பாத்துதான் புரிஞ்சுக்கணும். இம்பாசிபிள் அந்தக் கட்சின்னா பாசிபிளும் அங்கதானேன்னு பிள்ளைங்க கேக்குறாங்க, அதான் இல்ல. "திஸ் ப்ராப்ளம் இஸ் இம்பாசிபிள் டு சார்ட் அவுட்"னு சொல்லலாம், பாசிபிளுக்கு மட்டும் "இட் இஸ் பாசிபிள் டு சார்ட் அவுட் திஸ் ப்ராப்ளம்"னு சுத்தித்தான் வரணும். காரணம் கேட்டா என்கிட்ட சுருக்கமா சொல்ற மாதிரி ஒண்ணும் இல்ல, காதுல ஏத்திக்க வேண்டியதுதான்.

எழுதிட்டிருக்கும்போதே மீ பியாட், கரண்ட் போயிடுச்சு, போன் வெளிச்சத்துலதான் டைப் பண்றேன். இதையும் நோட் பண்ணிக்கோங்க, "வி ஆர் யூஸ்ட் டு புட்டிங் அப் வித் பவர் கட்ஸ்". யூஸ்ட் டு-ன்னா பழகிப்போச்சு, அதுக்குப் பின்னாடி புட்டிங். "ரெடி டு"ன்னா வெறும் புட் அப் வித். ரெண்டுலயும் வித்தை விட்டுடாதீங்க.