சப்பாத் ஏன் நான் தூங்கின பிறகு மட்டும் வருது?

இருவிளக்கு (ஸ்டாக்ஹோம்) எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் ஹைஃபாவில் பிறந்து வளர்ந்த யூதர். நான் தமிழ்ப்பெண், கல்யாணத்துக்கு முன்பே முறைப்படி படித்து யூத மதத்துக்கு மாறினேன். நாலு வருடமாக ஸ்டாக்ஹோமில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. ரொம்பக் கறாரான வீடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் சமையலில் கோஷர் (யூத உணவு விதி) உண்டு, வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சப்பாத் என்ற ஓய்வு நாளும் உண்டு. அது தொடங்கிவிட்டால் போன், டிவி, அடுப்பு, கார் எதையும் தொடுவதில்லை.

பிரச்சினை சூரியனோடு. அஸ்தமனத்துக்கு 18 நிமிடம் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிச் சப்பாத்தைத் தொடங்குவது வழக்கம். ஹைஃபாவில் அரை மணி நேரம் முன்பே ஏற்றிவிடுவார்கள், நடுக்கோடையிலும் ஏழரைக்குள் மாமியார் வீட்டில் எல்லாரும் மேசையில் இருப்போம். இங்கே டிசம்பர் 21 வாக்கில் மதியம் 2:48க்கே அஸ்தமனம். வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து ஓடி, இரண்டு பிள்ளைகளுக்கும் பனிக்கால உடுப்பை மாட்டி, வீட்டுக்கு இழுத்து வருவதற்குள் உயிர் போய்விடும். ஆனாலும் அது பரவாயில்லை. ஏற்றும்போது குழந்தைகள் விழித்திருக்கிறார்கள். சனி மாலை நாலு மணி தாண்டியதும் ஹவ்தலா, அதாவது சப்பாத்தை வழியனுப்பும் சடங்கு. பின்னல் மெழுகுவர்த்தியை மகள்தான் பிடிப்பாள், கிராம்புப் பெட்டியை மகன் மூக்குக்குள்ளேயே விட்டுக்கொள்வான்.

கோடைதான் தாங்கவில்லை. ஜூன் 21 வாக்கில் அஸ்தமனம் இரவு 10:08. குழந்தைகள் ஏழரைக்குப் படுக்கிறார்கள். போன வருடம் ஒரு வெள்ளி இருவரையும் விழிக்கவைத்துப் பார்த்தோம். ஒன்பது மணிக்கு மகன் அழ ஆரம்பித்தான், திராட்சைச் சாறு முழுவதும் வெள்ளை விரிப்பில். மகள் கையில் பாதி ஹல்லா ரொட்டியோடு மேசைக்கு அடியில் தூங்கிவிட்டாள். மெழுகுவர்த்தியை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

இந்த வாரம் பல் தேய்க்கும்போது கேட்கிறாள்: "அம்மா, சப்பாத் ஏன் நான் தூங்கின பிறகு மட்டும் வருது? என் மேல கோபமா?" சப்பாத்தை ராணி, விருந்தாளி என்றெல்லாம் பாட்டில் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். விருந்தாளி தன்னைப் பார்க்காமலே போகிறாள் என்று குழந்தை நினைக்காமல் வேறென்ன செய்யும்?

ஹவ்தலாவும் போச்சு. அதற்கு வானில் மூன்று நட்சத்திரம் தெரிய வேண்டும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 8.5 பாகை இறங்கினால் மூன்று நட்சத்திரம் தெரியும் என்று பல நாள்காட்டிகள் கணக்குப் போடுகின்றன. இங்கே ஜூன் இறுதியில் நடுநிசியிலும் 7 பாகைக்குச் சற்று மேல்தான் இறங்குகிறது. கணவர் புரோகிராமர், இதற்கென்றே ஓர் எக்செல் தாள் வைத்திருக்கிறார். எங்கள் ரபி (மதகுரு) ஒரு நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார், அதுவரை நாங்கள் விழித்திருக்கிறோம். குழந்தைகளுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை கிராம்பு வாசனையே கிடையாது.

வடக்கே வாழ்பவர்கள் என்ன செய்கிறீர்கள்? இன்னொரு சின்னக் கேள்வி: இங்கே பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மட்டும்தான் மிட்டாய். சாய்வுப் பெட்டிகளில் கொட்டி வைத்திருப்பதை அள்ளிப் பையில் போட்டு எடை போட்டு வாங்குவார்கள். அதில் எது பன்றி ஜெலட்டின் என்று கண்டுபிடிப்பதற்குள் பின்னால் வரிசை கட்டிவிடுகிறார்கள்.

---

கோபி_உப்சாலா எழுதியது:

மிட்டாய்க் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அதில் எனக்கு ஆறு வருட அனுபவம். நாங்கள் சுத்த சைவம். உங்கள் எதிரியும் என் எதிரியும் ஒன்றே, ஜெலட்டின்.

அள்ளிப்போடும் பெட்டிகளை விட்டுவிடுங்கள். பெட்டியில் விவரம் எழுதியிருந்தாலும், முந்தின ஆள் எந்தக் கரண்டியை எதில் விட்டார் என்று யாருக்குத் தெரியும்? பாக்கெட்டில் வருவதை வாங்குங்கள், 'வீகன்' என்று போட்டவை இப்போது நிறைய இருக்கின்றன. அதனால் மட்டும் கோஷர் ஆகிவிடுமா என்பது உங்கள் துறை. வெள்ளி மதியமே வாங்கி ஒரு டப்பாவில் போட்டுவிட்டால் சனிக்கிழமை கடைக்குப் போகும் சிக்கலும் இல்லை.

(இந்தச் சனிக்கிழமை மிட்டாய்க்குப் பின்னால் ஒரு கசப்பான கதை உண்டு. 1940களில் லுண்ட் நகரில் வீபெஹோல்ம் என்ற, அறிவுத்திறன் குறைபாடு உள்ளோருக்கான காப்பகத்தில் இருந்தவர்களுக்கு, அவர்கள் சம்மதம் இல்லாமலே, ஒட்டும் டாஃபி கொடுத்துப் பல் சொத்தை ஆராய்ச்சி செய்தார்கள். இனிப்பைத் தினமும் தின்னாமல் வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்துங்கள் என்ற அறிவுரை அதற்குப் பிறகு வந்ததுதான். என் பையனிடம் இன்னும் சொல்லவில்லை.)

டிசம்பர் வெள்ளிக்கிழமை ஓட்டத்துக்கு: பெற்றோர் விடுப்பை முழு நாளாகத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. கால் நாள், அரை நாள், அரைக்கால் நாள்கூட எடுக்கலாம். நாலு வயதுக்குப் பிறகு 96 நாள்தான் மிச்சம் வைக்க முடியும், அதனால் சின்னவன் கணக்கில் உள்ளதை இப்போதே குளிர்கால வெள்ளிகளுக்குப் பயன்படுத்துங்கள். பிள்ளைக்கு எட்டு வயது ஆகும்வரை வேலை நேரத்தைக் கால் பங்கு வரை குறைத்துக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

கோடைக்கு என் யோசனை எளிது. மாலை ஆறு மணிக்கே ஏற்றிவிடுங்களேன். ஐந்து வயதுக் குழந்தை கடிகாரமா பார்க்கப்போகிறது?

---

ரிவ்காம்மா (லண்டன்) எழுதியது:

கோபி தம்பி, மிட்டாய் வரைக்கும் சரி. ஆறு மணிக்கு ஏற்றினால் அது சப்பாத் விளக்கு இல்லை, சும்மா மெழுகுவர்த்தி. அதற்கு ஆசி சொன்னால் கடவுள் பெயரை வீணாகச் சொன்னதாகிவிடும். மேலும் ஐந்து வயதுக் குழந்தைதான் கடிகாரம் பார்க்கும். ஏழு வயதில் "அன்னிக்கு ஏமாத்தினீங்களா?" என்று கேட்கும். என் மூத்தவன் கேட்டான், வேறொரு விஷயத்தில்.

இருவிளக்கு, உங்களைப் போலவே வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். இருபது வருடம் ஆச்சு. மகன்கள் 17, 14. உங்கள் பதிவைப் படித்ததும் அந்த மேசைக்கு அடியில் தூங்கிய குழந்தை கண்ணிலேயே நிற்கிறது.

சப்பாத்தை முன்னதாகவே ஏற்றுக்கொள்ள வழி இருக்கிறது, உங்கள் கணவருக்குத் தெரிந்திருக்கும். பிலாக் ஹமின்ஹா என்பார்கள். பகலைப் பன்னிரண்டு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு 'மணி'. அஸ்தமனத்துக்கு அப்படி ஒன்றேகால் மணி முன்பிருந்து ஏற்றலாம். லண்டனில் ஜூன் மாதத்தில் அது ஏழரை சுமாருக்கு வந்துவிடும், நாங்கள் அதில்தான் பிள்ளை வளர்த்தோம். உங்கள் ஊரில் பகல் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல். அந்த எக்செல்லில் போட்டுப் பாருங்கள், ஜூன் 21இல் 8:12 போல வரும். மே நடுவில் ஏழரை. ஆக மே மாதத்தில் உங்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை, ஜூன், ஜூலையில்தான் ஒரு முக்கால் மணி நேரம் இடிக்கிறது.

அந்த முக்கால் மணிக்கு நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். ஆறு மணிக்கு வெள்ளை விரிப்பு போடுங்கள். இருவரையும் குளிப்பாட்டி நல்ல உடுப்பு மாட்டி உட்கார வையுங்கள், ஹல்லாவும் கோழி சூப்பும் கொடுங்கள். பாட்டுப் பாடுங்கள். அப்புறம் அப்பா தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கட்டும்: பையனுக்கு எப்பிராயீமைப் போல, மனாசேயைப் போல; பெண்ணுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைப் போல. இது எதற்கும் சூரியன் இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்குக் கடைசிவரை நினைவில் நிற்பது அந்தக் கைதான். என் 17 வயதுக்காரன் இப்போது என்னைவிட ஒரு தலை உயரம், வெள்ளிக்கிழமை மட்டும் குனிந்து நிற்கிறான்.

சின்னவன் தூங்கட்டும். பெரியவளை மட்டும் 8:12 வரை வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், அவளுக்கு மட்டும் கிடைக்கும் மரியாதை. ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் ஏற்றினால் உங்களுக்குச் சப்பாத் தொடங்கிவிட்டது, வெளியே வெயில் அடிக்கிறதே என்று அடுப்பைத் தொடக்கூடாது. சாப்பாடு அதற்கு முன்பே பிளாட்டா (உணவைச் சூடாக வைக்கும் மின்தட்டு) மேல் ஏறியிருக்க வேண்டும், விளக்குகளின் டைமரும் வைத்திருக்க வேண்டும்.

கிராம்புக்கு ஒரு வழி: சனி இரவு ஹவ்தலாவை உங்கள் நேரத்தில் சொல்லிக்கொள்ளுங்கள். பெட்டியைக் குழந்தைகள் தலைமாட்டில் வையுங்கள். ஞாயிறு காலை முகரட்டும். அது சடங்கு இல்லை, வெறும் வாசனை. போதும்.

---

மல்லிகா_ம எழுதியது:

நான் யூதர் இல்லை, ஸ்டாக்ஹோமில் ஒரு ஃபோர்ஸ்கோலாவில் (மழலையர் பள்ளி) ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் மகனைப் போன்றவர்களைத் தூங்க வைப்பதும் எழுப்புவதும்தான் என் மதியப் பொழுது.

இரவில் தூங்க வேண்டுமே என்று, மதியம் அரை மணி நேரத்தில் எழுப்பிவிடச் சொல்லிப் பல பெற்றோர்கள் கேட்பார்கள். நீங்கள் தலைகீழாகக் கேளுங்கள். கோடை வெள்ளிகளில் பையனை எழுப்ப வேண்டாம், தானாக எழட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். அவனும் எட்டேகால் வரை தாங்கலாம். காரணம் விளக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சொன்னால் எங்களுக்கு நல்லது. என் குழுவில் ஒரு பையன் திங்கள்தோறும் வட்டமாக உட்காரும்போது "எங்க வீட்ல ராணி வந்தாங்க" என்பான். யார் அந்த ராணி என்று புரிய எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 13 லூசியா என்ற விளக்குத் திருவிழா வரும். வெள்ளை அங்கி, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம். பெயர் ஒரு கிறிஸ்தவப் புனிதையுடையது, பள்ளிகளில் பெரும்பாலும் பாட்டும் குங்குமப்பூ பன்னுமாகத்தான் போகும். அங்கி வேண்டாம் என்றால் இஞ்சி பிஸ்கட் மனிதன் வேடம் போடலாம், எத்தனையோ பிள்ளைகள் போடுகிறார்கள். நவம்பரிலேயே பேசுங்கள். அன்று காலை வாசலில் நின்று சொன்னால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

---

ரிவ்காம்மா எழுதியது:

மல்லிகா, தூக்க யோசனை அருமை, எனக்குத் தோன்றவே இல்லை. லூசியாவில் எனக்கு உடன்பாடு இல்லை. பிஸ்கட் வேடமும் அதே ஊர்வலத்தில்தானே நடக்கிறது? நானாக இருந்தால் அன்று லீவு போட்டு வீட்டில் சுஃப்கனியோட் (ஹனுக்கா டோனட்) பொரிப்பேன். 2023இல் ஹனுக்கா என்ற எங்கள் எட்டு நாள் விளக்குத் திருநாளின் ஏழாவது மெழுகுவர்த்தி சரியாக டிசம்பர் 13 மாலைதான். ஆனால் பெண் உங்களுடையது, ஊரும் உங்களுடையது.

---

இருவிளக்கு எழுதியது:

ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். எல்லாருக்கும் நன்றி.

முதலில் லூசியா. போன டிசம்பரில் அவள் இஞ்சி பிஸ்கட்டாகத்தான் போனாள். வீட்டில் நாங்கள் இருவருமே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, அதனால் ரிவ்கா அக்காவோடு இப்போது சண்டை போடவில்லை. நவம்பரில் வருகிறேன்.

மே மாதம் அக்கா சொன்ன கணக்கில் ஓடியது. எக்செல்லில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது, கணவருக்கு அதில் எவ்வளவு சந்தோஷம்!

நேற்று முன்தினம் மிட்சம்மர், இங்கத்திய கோடைத் திருநாள். அது எப்போதுமே வெள்ளிக்கிழமைதான் வரும், அதனால் எனக்குப் பயம். மதியம் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போய், பூச்சுற்றிய கம்பத்தைச் சுற்றி எல்லாரோடும் தவளை மாதிரி குதித்தோம். கையோடு கொண்டுபோன ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டோம். கணவர் ஹெர்ரிங்கைப் பார்த்ததும் "இது எங்கள் பாட்டி மீன், இவர்கள் எங்கே பிடித்தார்கள்?" என்று தொடங்கிவிட்டார். ஃபோர்ஸ்கோலா விடுமுறை என்பதால் மகன் என் தோளிலேயே தூங்கினான். மல்லிகா சொன்னபடி எழுப்பவில்லை, ட்ராமில் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டோம்.

ஆறு மணிக்கு வெள்ளை விரிப்பு. ஆசீர்வாதம் செய்யும்போது மகளின் தலையில் பூக்கிரீடம் இன்னும் இருந்தது. அப்பா அதைக் கழற்றாமல் இரண்டு கையையும் அதன் மேலேயே வைத்தார். சின்னவன் "எனக்கு இன்னொரு தடவை" என்று கேட்டு இரண்டு முறை வாங்கிக்கொண்டான். எட்டேகாலுக்கு நானும் மகளும் ஏற்றினோம். ஜன்னலில் முழு வெயில், சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்தாள். "இப்பத் தெரியுது" என்றாள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தானாகவே போய்ப் படுத்துவிட்டாள்.

கிராம்புப் பெட்டி இன்று காலை தலைமாட்டில் இருந்தது. மகன் திறந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டிவிட்டான், வீடே மணக்கிறது.

கோபி, ஒரு புதுச் சிக்கல். டப்பா வெள்ளியே வீட்டுக்கு வந்துவிடுவதால், சனிக்கிழமை மிட்டாயை வெள்ளி ஐந்து மணிக்கே தின்று தீர்த்துவிடுகிறார்கள். எங்கே ஒளித்து வைக்கிறீர்கள்?