மறுமொழி: ‘விளிம்புநீக்கம்’ பொருந்துமா?

அன்பின் அனைவருக்கும்,

குருதிக்குழாய்ச் சுவரில் ஒட்டி நின்ற வெண்குருதிக் கலங்கள் பிடி விட்டு ஓட்டத்துக்கு வருவதை ஆங்கிலத்தில் demargination என்கிறார்கள். அதற்கு ஐயா முன்வைத்த ‘விளிம்புநீக்கம்’ எனக்கு ஒட்டவில்லை. விளிம்பையே யாரோ வெட்டி எடுத்துவிட்டதுபோல் கேட்கிறது. விளிம்பு அப்படியே இருக்கிறது. அதில் ஒட்டிக் கிடந்தவைதான் போகின்றன.

நான் இதில் பிடிவாதமாக நிற்கக் காரணம் உண்டு. பெரியம்மாவுக்கு மூச்சிழுப்புக் கூடி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெரொயிட் குளிசை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் குருதி அறிக்கையில் வெண்குருதிக் கலங்கள் ஏறிக் கிடந்தன. காய்ச்சல் இல்லை, ஆனாலும் கிருமி தொற்றிவிட்டதென்று வீடே பதறியது. டொக்டர் “அது குளிசையின் வேலை” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த வரியை வீட்டில் விரித்துச் சொல்ல என்னிடம் தமிழ்ச்சொல் இருக்கவில்லை.

வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான நடுநிலைநாடிகளில் (neutrophils) ஏறக்குறைய பாதி குருதியோட்டத்தோடு ஓடுவதில்லை. குழாய்ச் சுவரோரம் ஒட்டியும் உருண்டும் கிடக்கும். அழற்சி உள்ள இடத்தில் சுவரைத் தாண்டி இழையத்துக்குள் இறங்க அதுதான் முதற்படி. ஸ்டெரொயிட் கலத்துக்குள் போய்த் தன் வாங்கியோடு, அதாவது அதைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தோடு, சேர்ந்து கலத்தின் கருவுக்குள் நுழைகிறது. அழற்சிச் சைகைகளை உண்டாக்கும் பரம்பரையலகுகளை அடக்குகிறது. ஒட்டும் புரதங்களும் குறைகின்றன. பிடி தளர்ந்தவை நடு ஓட்டத்துக்கு வந்துவிடுகின்றன. என்பு மச்சையிலிருந்தும் கொஞ்சம் வந்து சேரும், அது வேறு கணக்கு. ஊசியில் ஏறுவது ஓடும் குருதிதானே? ஆகவே எண்ணிக்கை கூடித் தெரிகிறது. ஆனால் புண்ணுக்குப் போய்ச் சேரும் காவல் குறைவு. அழற்சி தணிய இதுவும் ஒரு காரணம், தொற்று எளிதாகவும் இதுவே ஒரு காரணம்.

எங்கள் ஊர்க் குளத்தில் சோளகம் வீசினால் ஆகாயத்தாமரை ஒரு கரையில் ஒதுங்கும். வாடை திரும்பினால் நடுவுக்கு வரும். தோணியில் நிற்பவர், பூண்டு பெருகிவிட்டது என்பார். ஆகவே முதலில் ‘கரையொதுங்கல்’, ‘கரைவிடல்’ என்று எழுதிப் பார்த்தேன்.

அக்கா நேற்றே தனிமடலில் மறித்துவிட்டார்: “கரை என்றால் பிள்ளைகள் கரைதல் என்று வாசிப்பார்கள். அதே மருந்தில் நிணநீர்க்குழியங்கள் உண்மையாகவே சாகின்றன. இரண்டையும் குழப்பிவிடாதே.” நியாயம்தான். நிணநீர்க்குழியங்கள் (lymphocytes) வேறொரு வகை வெண்குருதிக் கலங்கள். அவற்றில் ஒரு பகுதி சாகிறது, இன்னொரு பகுதி என்பு மச்சை போன்ற இடங்களுக்குப் போய்விடுகிறது. அதனால் அறிக்கையில் அவை இறங்கித் தெரியும். நடுநிலைநாடி ஏற, இது இறங்க, ஒரே தாளில் எதிரெதிர்க் கதை. சொல் குழம்பினால் வாசிப்பவர் தலையும் குழம்பும்.

சரி, கரையை விட்டுவிடுவோம். ‘ஓரமொதுங்கல்’, ‘ஓரம்விடுகை’ எப்படி? எங்கள் பக்கத்தில் “ஓரமா நில்” என்பது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். பெரியம்மாவிடம் “ஓரத்தில் நின்றவை நடுவுக்கு வந்திட்டுது” என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப காவலுக்கு ஆர் நிக்கிறது?” என்று கேட்டார்.

‘சுவர்விடல்’ என்று யாராவது சொல்லப்போகிறீர்கள் என்றால் இப்போதே எழுதுங்கள். சுவரோரம் கிடக்கும் கூட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும், ‘ஓரத்திரள்’ போதுமா?