குரங்கிலிருந்து வந்தோமா? மகளுக்குத் தமிழில் விளக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் 9 வயது மகளை வாஷிங்டன் ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே 2010இல் திறந்த மனிதத் தோற்றக் கூடத்தில் 76 மண்டையோட்டு வார்ப்புகள் இருக்கின்றன. ஈராக்கின் ஷானிதர் குகையில் கிடைத்த நியாண்டர்தால் என்ற, அழிந்துபோன பழங்கால மனித வகையைச் சேர்ந்த ஒருவரின் அசல் எலும்புகளும் உண்டு. விலா எலும்பில் காயத் தடம் தெரியுமாம். அதைப் பார்க்க எனக்கே அவ்வளவு ஆசை!

"குரங்குதான் மனுசனாச்சாப்பா?" என்று இப்போதே கேட்கிறாள். குரங்கு நம் பாட்டன் இல்லை. சிம்பன்சியும் நாமும் சுமார் 60 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்த பங்காளிகள் என்றேன். புரிந்துகொண்டாள்.

நான் தடுமாறுவது அடுத்த கேள்வியில்: நியாண்டர்தால் வேறு இனம் என்றால், அவர்களுடைய மரபணு நம்மிடம் எப்படி வந்தது? குழந்தைக்குப் புரிகிற மாதிரி ஓர் உவமை சொல்லுங்களேன்.