வெளிநாட்டில் மொழி ஆசிரியர் வேலை: விண்ணப்பத்தோடு போட்டோ எதற்கு?

சுபா_கோவை
ஆறு வருடமாகப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எல்.கே.ஜி. முதல் எம்.ஏ. வரை எல்லாமே ஆங்கில வழிதான். ஜப்பானில் பள்ளிகளுக்கு உதவி மொழி ஆசிரியர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்துக்குப் போட்டோ இல்லாமல் விண்ணப்பித்தேன். போனில் முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பாடக்குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னார்கள். நன்றாக இருக்கிறது என்று பதிலும் வந்தது. அப்புறம் ஒரு மெயில்: சமீபத்தில் எடுத்த, சிரித்த முகத்தோடு ஒரு போட்டோ வேண்டும். அனுப்பினேன். மூன்று வாரம் ஆகிறது. நினைவூட்டி இரண்டு மெயில் போட்டும் ஒரு வரி பதில் இல்லை.

நிறம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மனம் அங்கேயேதான் போய் நிற்கிறது. பாடம் நடத்த வருகிறவளின் முகம் முன்கூட்டியே எதற்கு?

நாகோயா_முருகன்
வருத்தம் புரிகிறது சகோதரி. ஆனால் உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. நான் இங்கே 11 வருடமாக இருக்கிறேன். ஜப்பானில் வேலைக்கு விண்ணப்பம் என்றால் 'ரிரேகிஷோ' என்ற படிவம்தான். அதில் மேலே போட்டோ ஒட்ட ஒரு கட்டம், சுமார் 4 செ.மீ. உயரம், 3 செ.மீ. அகலம். கடையில் பகுதி நேரமாக நிற்கப் போகும் கல்லூரிப் பையனும் ஒட்டித்தான் கொடுக்கிறான். இதற்காகவே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ எடுக்கும் பெட்டிகள் இருக்கின்றன. நானும் கோட் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தவன்தான்.

2021-இல் தொழிலாளர் நல அமைச்சகம் புதிய மாதிரிப் படிவம் ஒன்றை வெளியிட்டது. ஆணா பெண்ணா என்பதை விரும்பினால் எழுதலாம் என்று மாற்றினார்கள். வாழ்க்கைத்துணை உண்டா, உங்களை நம்பி எத்தனை பேர் என்ற கட்டங்களை எடுத்தே விட்டார்கள். போட்டோ கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவர்களுக்கு அது பெயர், முகவரி போல ஒரு விவரம். நம் ஊர் அரசுத் தேர்வு விண்ணப்பத்திலும் போட்டோ கேட்கிறார்களே, அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை.

இளமாறன்
முருகன் அண்ணா, வழக்கம் என்பது சரி. ஆனால் எல்லோரிடமும் கேட்பதால் எல்லோருக்கும் ஒரே விளைவு வந்துவிடாது. ஜப்பான்காரர்கள் நூறு பேர் போட்டோ அனுப்பினால் அதில் இனம் பெரிதாகத் தெரியாது. மொழி ஆசிரியர் வேலைக்கு உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பிக்கிறார்கள். அங்கே அதே கட்டம் தோலைப் பார்க்கும் கட்டமாகிவிடுகிறது.

நான் கொரியாவில் மூன்று வருடம் படித்தேன். அங்கே 'ஹாக்வோன்' என்று தெருவுக்குத் தெரு தனியார் பயிற்சி மையங்கள். ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்கான இ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான்: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. நாடு எது என்பதை விசா விதியே பார்த்துக்கொள்கிறது. அதற்கு மேலும் போட்டோ எதற்கு? என் அறைத்தோழன் கறுப்பின அமெரிக்கன், ஆங்கில இலக்கியப் பட்டதாரி. போட்டோ அனுப்பியதும் பேச்சு நின்றுபோனது, ஒரு முறை அல்ல, நான்கு முறை. அவனுடைய வெள்ளை நண்பனுக்கு வரலாற்றில் பட்டம், ஒரு நாள் கூடப் பாடம் நடத்தியதில்லை. ஒரே வாரத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பேரிடமும் இருந்தது ஒரே நாட்டுப் பாஸ்போர்ட்.

கயல்விழி
நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். வியட்நாமில் ஓர் ஆங்கில மையத்தில் நான்கு வருடம் ஆள் எடுக்கும் வேலை. போட்டோவை வைத்து என்ன செய்தோம் என்று நேராகவே சொல்கிறேன்.

ஒன்று, விளம்பரம். புதிய ஆசிரியர் வந்தால் அவர் முகம் பேனரிலும் முகநூல் பக்கத்திலும் போகும். இரண்டு, பெற்றோர். வரவேற்பில் வந்து "வெளிநாட்டு டீச்சர் வகுப்பு" என்று கேட்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது வெள்ளைக்கார டீச்சர். அந்த வகுப்புக்குக் கட்டணமும் அதிகம். பத்துக் குழந்தைகள் நின்றுவிட்டால் அந்த மாத வாடகைக்கே திண்டாட்டம். உரிமையாளர் கெட்டவர் இல்லை. கடன் வாங்கி நடத்திக்கொண்டிருந்தார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். பட்டத்துக்குச் சான்றொப்பம், காவல் துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை என்று ஆசிரியர் கைக்காசு நிறையப் போகும். அதையெல்லாம் செய்த பிறகு முகத்தைப் பார்த்து வேண்டாம் என்பதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது மேல் என்று நான் நிஜமாகவே நம்பினேன். போட்டோவை நிறுத்தினாலும் வீடியோ நேர்காணலில் அதே முகம்தானே தெரியும்?

செல்வி டீச்சர்
கயல், நீ உள்ளதை உள்ளபடி சொன்னது நல்லது. ஆனால் "பெற்றோர் கேட்கிறார்கள்" என்பதோடு என்னால் நிறுத்த முடியவில்லை. அந்தப் பேனரை வருடக்கணக்காக ஒட்டியது யார்? வெள்ளை முகத்தைப் பெரிதாகப் போட்டு இதுதான் நல்ல ஆங்கிலம் என்று சொல்லிக்கொடுத்ததே மையங்கள்தான். இப்போது பெற்றோர் அதைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

27 வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். தாய்மொழியாகப் பேசுகிறவரே சிறந்த ஆசிரியர் என்ற எண்ணத்தை இந்தத் துறையே கேள்வி கேட்டுவிட்டது. ஆங்கில ஆசிரியர்களின் சர்வதேச அமைப்பான டெசோல், தாய்மொழி ஆங்கிலம் இல்லாத ஆசிரியர்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று 2006-இல் அறிக்கையே வெளியிட்டது. அந்த அமைப்பின் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்த சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஈழத்தமிழர். அவர் போன்றவர்கள் அந்த இடத்துக்கு எழுத்தால் போனார்கள்.

அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் என்ன சொல்கிறது தெரியுமா? விண்ணப்பதாரரிடம் போட்டோ கேட்காதீர்கள், அடையாளத்துக்குத் தேவையென்றால் வேலையை அவர் ஏற்றுக்கொண்ட பிறகு வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறது. என் கேள்வியும் அதுதான். வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எப்போது கேட்கிறார்கள்? விசாவுக்கு என்றால் ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு கேட்கலாமே. அப்புறம், சுபாவிடம் கேட்டது சிரித்த முகம். அடையாளத்துக்கு எடுக்கும் போட்டோவில் யாரையும் சிரிக்கச் சொல்வதில்லை.

நாகோயா_முருகன்
டீச்சர், கடைசியாகச் சொன்னது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். சுபா இந்தியர் என்று பெயரிலும் முகவரியிலும் முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்துதானே முக்கால் மணி நேரம் பேசினார்கள்? இங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. இடங்கள் நிரம்பியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். பதில் போடாதது தப்பு, அதில் மாற்றுக் கருத்து இல்லை.

சுபாவுக்கு ஒரு தகவல். பள்ளிகளில் உதவி மொழி ஆசிரியராக வர வாங்கும் 'இன்ஸ்ட்ரக்டர்' விசாவுக்கு, கற்பிக்கும் மொழியிலேயே குறைந்தது 12 வருடம் படித்திருக்க வேண்டும். எந்த நாட்டில் பிறந்தவர் என்று அதில் இல்லை. ஆங்கில வழியில் படித்த உங்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது.

இளமாறன்
அதனால்தான் அண்ணா எரிச்சல் வருகிறது. சட்டம் திறக்கும் கதவைப் போட்டோ மூடுகிறது. பெயர் பார்த்தாலே தெரியும் என்பது பாதிதான் உண்மை. என் அறைத்தோழன் பெயரில் அவன் நிறம் இல்லை.

கொரியர்களுக்கே இது உறுத்தியிருக்கிறது. 2019-இல் ஆள் சேர்ப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலைக்குத் தொடர்பில்லாமல் தோற்றம், உயரம், எடை, பிறந்த ஊர், கல்யாணம் ஆனதா, பெற்றோர் என்ன வேலை என்றெல்லாம் கேட்டால் 50 லட்சம் வொன் வரை அபராதம். ஆனால் ஆளை அடையாளம் காண என்று போட்டோவை மட்டும் விட்டுவைத்தார்கள். அந்தச் சட்டமும் 30 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான். சின்ன ஹாக்வோன்கள் அதற்குள் வருவதே இல்லை.

கயல்விழி
டீச்சர் கேட்டதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். போட்டோவைப் பார்த்து நான் ஒதுக்கிய விண்ணப்பங்களில் எத்தனை பேரிடம் போனிலாவது பேசினேன்? யாரிடமும் இல்லை. ஒருவர் கேரளத்திலிருந்து, 15 வருட அனுபவம். அவர் பாடக்குறிப்பை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேரமும் செலவும் மிச்சம் என்று நான் சொன்னது எனக்குத்தான் மிச்சம், அவருக்கு இல்லை.

ஆனால் ஒரு சின்ன மையம் தனியாக மாறினால் பக்கத்து மையம் அந்தக் குழந்தைகளை இழுத்துக்கொள்ளும் என்பதை இப்போதும் சொல்வேன். அதற்கு வழி என்ன என்று யாராவது சொல்லுங்கள்.

செல்வி டீச்சர்
இலவசமாக ஒரு மாதிரி வகுப்பு, கயல். பெற்றோரைப் பின்வரிசையில் உட்கார வை. இருபது நிமிடத்தில் தங்கள் குழந்தை வாய் திறந்து பேசினால் டீச்சர் எந்த நிறம் என்று கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் மாறமாட்டார்கள். என் அனுபவத்தில் பாதிப்பேராவது மாறினார்கள்.

சுபா_கோவை
எல்லோருக்கும் நன்றி. முருகன் அண்ணா சொன்னதுபோல வேறு காரணமும் இருந்திருக்கலாம், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை என்பதுதான் வலிக்கிறது. இன்னும் இரண்டு இடங்களுக்கு அனுப்பப் போகிறேன். போட்டோ கட்டத்தைக் காலியாக விடலாமா?

நாகோயா_முருகன்
காலியாக விட்டால் மறந்துவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். "தேர்வானதும் அளிக்கிறேன்" என்று அந்தக் கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள். ஜப்பானிய மொழியில், மரியாதை குறையாமல். இன்று இரவு எழுதி அனுப்புகிறேன்.