தொடக்கப் பள்ளியில் மாணவர் பேரவை: தேர்தலோடு நின்றுவிடாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: கரும்பலகை

அனைவருக்கும் வணக்கம். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகள் பயிலும் தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வரும் கல்வியாண்டில் தேர்தல் நடத்தி மாணவர் பேரவை ஒன்றை அமைக்கும் பொறுப்பைத் தலைமையாசிரியர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். மகிழ்ச்சியைவிடத் தயக்கமே எனக்கு அதிகமாக இருக்கிறது. நான் முன்பு பணியாற்றிய பள்ளியிலும் ஒரு பேரவை இருந்தது. பதவியேற்பு நாளன்று உறுதிமொழியும் கைதட்டலும் சட்டையில் குத்திவிட்ட பேட்ஜுமாக அது களைகட்டியது. அதன்பின் அந்தக் குழந்தைகள் ஆண்டு முழுவதும் செய்தது, வரிசையை ஒழுங்குபடுத்தியதும், பேசியவர்களின் பெயரைப் பலகையில் எழுதிவைத்ததும், விருந்தினர் வந்தால் பூங்கொத்து கொடுத்ததும்தான்.

தன்னைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்றும் 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு கூறுகிறது. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நன்றாகப் படிக்கிற, உரக்கப் பேசுகிற பிள்ளைகளே எப்போதும் தேர்ந்தெடுக்கப்படுவதை எப்படித் தவிர்ப்பது? எதையெல்லாம் அவர்களிடம் விடலாம்? இன்னும் சரளமாக எழுதப் படிக்கத் தெரியாத முதல் வகுப்புக் குழந்தைகளை இதில் எப்படிச் சேர்ப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பழையமணி

வணக்கம் ஆசிரியை அவர்களே. ஓய்வுபெறும் வரை தலைமையாசிரியராக இருந்தவன் நான்; நீங்கள் சொல்லும் பேட்ஜ் பேரவையை நானும் ஒருகாலத்தில் நடத்தியிருக்கிறேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடைவழியில் ஒரு கருத்துப் பெட்டியை வைத்தோம். முதல் வாரத்தில் பெட்டி நிறைந்து வழிந்தது. சீட்டுகளை எல்லாம் படித்து, சிரிக்க வேண்டியதற்குச் சிரித்து, அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் பெட்டியில் தூசியைத் தவிர வேறெதுவும் இல்லை. குழந்தைகளுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போய்விடவில்லை. சொன்னதற்குப் பதில் வராது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள், அவ்வளவுதான்.

மறு ஆண்டு ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றினேன். பேரவை கேட்கும் ஒவ்வொன்றுக்கும் பத்து நாட்களுக்குள் நான் நேரில் சென்று பதில் சொல்ல வேண்டும். அது “சரி” என்றோ, “முடியாது, காரணம் இது” என்றோ, “இன்ன தேதியில் முடிவு சொல்கிறேன்” என்றோ இருக்கலாம், ஆனால் மௌனமாக மட்டும் இருக்கக் கூடாது. அந்த ஆண்டின் இரண்டாவது கூட்டத்தில், இரண்டாம் வகுப்புப் பிரதிநிதியான ஒரு சிறுமி, கழிப்பறைத் தாழ்ப்பாள் தன் வகுப்பில் பாதிப் பேருக்கு எட்டுவதில்லை என்றும், அதனால் தோழி ஒருத்தி வெளியே காவல் நிற்க வேண்டியிருக்கிறது என்றும், தோழி வராத நாளில் சிலர் கழிப்பறைக்கே போகாமல் அடக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். மாதந்தோறும் அந்தக் கழிப்பறைகளைப் பார்வையிட்டுக் கையெழுத்திட்டு வந்தவன் நான். என் உயரத்திலிருந்து அது தெரியவே இல்லை. தாழ்ப்பாளைக் கீழே இறக்கிப் பொருத்த ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. அதன்பிறகு அந்தப் பேரவையை யாரும் விளையாட்டாக எண்ணவில்லை.

“எதையெல்லாம் விடலாம்” என்ற உங்கள் கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது. இடைவேளை, விளையாட்டுப் பொருள்கள், நூலகத்தில் இருக்கை, கழிப்பறை, குடிநீர், சண்டை வந்தால் என்ன செய்வது ஆகியவற்றில் அவர்களே நம்மைவிட அறிந்தவர்கள். ஆசிரியர் நியமனமும் ஒரு குறிப்பிட்ட குழந்தையைப் பற்றிய புகாரும் பேரவைக்கு வராது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேல்ஸில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அரசு நிதியில் இயங்கும் பள்ளிகளில், தொடக்கப் பள்ளிகள் உட்பட, மாணவர் பேரவை கட்டாயம். அது கல்வியாண்டுக்குக் குறைந்தது 6 முறை கூட வேண்டும், பேரவை முன்வைப்பதற்குப் பள்ளி நிர்வாகம் பதில் தரவும் வேண்டும். கூட்டங்களின் எண்ணிக்கையைவிட அந்தக் கடைசி நிபந்தனையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பதில்: மூன்றாம்வரிசை

பழையமணி ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தேர்தல்தான் வேண்டுமா என்பதையே நாம் கேட்காமல் தாண்டிவிட்டோம். எட்டு வயதில் தேர்தல் என்பது பெரும்பாலும் யாருக்கு நண்பர்கள் அதிகம் என்ற கணக்கெடுப்புத்தான். வார்சாவில் அனாதைக் குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர் யானுஷ் கோர்ச்சாக் அங்கே குழந்தைகளுக்கான நீதிமன்றம் ஒன்றை ஏற்படுத்தினார். அதன் நீதிபதிகளும் குழந்தைகளே. தம்மீது வழக்கு இல்லாத குழந்தைகளிலிருந்து குலுக்கல் முறையில் அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். கோர்ச்சாக்கே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றிருக்கிறார். குலுக்கல் முறையில் கூச்சப்படுகிற குழந்தைக்கும் ஒருநாள் இடம் வருகிறது. தோற்றவர் என்று எவரும் இல்லை.

கரும்பலகை அவர்கள் விவரித்த பூங்கொத்துப் பேரவைக்கு ஒரு பெயரே இருக்கிறது. குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக 1992இல் வரைந்து காட்டிய ரோஜர் ஹார்ட், அதன் கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை. பெரியவர்கள் தம் நோக்கத்துக்குக் குழந்தைகளைக் கருவியாக்குவதும், அலங்காரமாக நிறுத்துவதும், பெயரளவுக்குப் பேசவிடுவதும் அந்த மூன்று படிகள்.

பதில்: இருவரின்தாய்

ஆசிரியர்களுக்கு இடையில் ஒரு பெற்றோர் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் மூத்த மகள் பேரவை உறுப்பினராக இருந்தாள். “பேசியவர்கள்” பட்டியலை அவள்தான் எழுத வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் அவளோடு விளையாட ஆள் இல்லாமல் போயிற்று. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான்: பிரதிநிதியைக் காவலராக்காதீர்கள். வகுப்பை அடக்கும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிட்டால், மற்ற குழந்தைகள் தங்கள் குறையை அவர்களிடம் சொல்லவே மாட்டார்கள்.

குலுக்கலைப் பற்றி மூன்றாம்வரிசை சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. என் இளைய மகன் தேர்தலில் நின்று தோற்றான். அன்று மாலை அழுதான். ஆனால் தன் வகுப்பின் முன் நின்று, நூலக நேரத்தை நீட்டிக்கக் கேட்பேன் என்று அவன் பேசிய இரண்டு நிமிடப் பேச்சை அவனே எழுதினான், நான் தொடவில்லை. வென்ற பையன் அந்தக் கோரிக்கையைத் தன்னுடையதாக்கிக்கொண்டு பேரவையில் பேசினான் என்பது வேறு கதை. அந்த வாய்ப்பைச் சீட்டுக் குலுக்கல் தந்திருக்காது. இரண்டையும் கலக்கலாமே: ஓர் உறுப்பினர் வாக்கெடுப்பில், இன்னொருவர் குலுக்கலில்.

கரும்பலகை (மீண்டும்)

மூவருக்கும் மிக்க நன்றி. வகுப்புக்கு இருவர், ஒருவர் வாக்கின் மூலமும் மற்றவர் குலுக்கலிலும் என்ற ஏற்பாட்டைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பத்து நாள் விதிக்குத்தான் அவர் தயங்கினார், “இருபது நாள் வையுங்கள்” என்றார். இருபது என்றே எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கிவிட்டேன். பேட்ஜ் கிடையாது. முதல் வகுப்பினர் எப்படி வாக்களிப்பது என்பதில் மட்டும் இன்னும் தெளிவு இல்லை.

பதில்: பழையமணி

வேட்பாளர் ஒவ்வொருவரின் படத்தையும் ஒரு டப்பாவில் ஒட்டி, துணித் திரைக்குப் பின்னால் வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு குழந்தையும் தனியாக உள்ளே போய், கையில் உள்ள ஒரே ஒரு புளியங்கொட்டையைத் தனக்கு வேண்டியவரின் டப்பாவில் போட்டுவிட்டு வரட்டும். டப்பாவின் மூடியில் சிறு துளை மட்டும் இருக்க வேண்டும்; திறந்து வைத்தால், ஏற்கனவே அதிகம் விழுந்திருக்கிற டப்பாவிலேயே எல்லாரும் போடுவார்கள். எண்ணும்போது குழந்தைகளையே எண்ணச் சொல்லுங்கள். நாங்கள் மூன்று முறை எண்ண வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒருவன் நடுவில் இரண்டு கொட்டைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.