மறுமொழி: மியெல்பிக்கு முன்னால் ஓட்விடாபெரி

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மியெல்பி என்ற சிற்றூர்க் கழகம் 2025-ல் சுவீடன் கால்பந்து லீக்கை வென்ற செய்தியைப் போட்ட தம்பி, "இப்படி ஒரு சிற்றூர் இதற்கு முன்னால் ஜெயித்ததுண்டா?" என்று கேட்டிருந்தார். உண்டு. ஏழாயிரம் பேர் வாழும் ஓட்விடாபெரி 1972, 1973 என அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் ஜெயித்தது. ஊர்ப் பெயர் புதிதாகத் தெரியலாம், அதன் சரக்கு நமக்குப் பழக்கமானதுதான். தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் லோயர், ஹையர் பாஸ் பண்ணியவர்களில் பலர் ஃபேசிட் மிஷினில் விரல் வைத்தவர்கள்தான். அந்த ஃபேசிட்டின் தாய்வீடு ஓட்விடாபெரி. ஹால்டா டைப்ரைட்டரும் 1938-ல் அதே கம்பெனியின் கைக்குப் போனது. சென்னை பெருங்குடியில் ஃபேசிட் ஏசியா இருந்தது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

கழகத்தின் வரலாற்றைச் சொல்ல வேண்டுமென்றால் கம்பெனியின் வரலாற்றையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். சுவீடனின் தென்கிழக்கில், ஓஸ்தர்யோட்லாந்து மாகாணத்தில், லின்ஷோப்பிங் நகரிலிருந்து தெற்கே சுமார் 35 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். முதலில் பிழைப்பு கொடுத்தது செம்புச் சுரங்கம். மைதானத்தின் பெயரே கொப்பார்வாலன், அதாவது செம்புத் திடல். செம்பு தீர்ந்துவந்த காலத்தில் சுரங்கத்துக்குச் சொந்தக்காரர்களான அடெல்ஸ்வார்ட் பிரபுக் குடும்பம் மரச்சாமான் தொழிலை ஆரம்பித்தது. ஆபீஸ் மேசை, நாற்காலி, அலமாரி செய்தார்கள். அதுவும் நொடித்துப்போனபோது, 1922-ல் எலோஃப் எரிக்சன் என்பவர் வந்து பொறுப்பேற்றார். மேசை வாங்கும் ஆபீசுக்கு மேசைமேல் வைக்கும் மிஷினையும் நாமே விற்கலாமே என்பது அவர் கணக்கு. அப்படித்தான் ஃபேசிட் என்ற சின்னக் கணக்கு மிஷின் கம்பெனி இவர்கள் கைக்கு வந்தது.

1932-ல் கார்ல் ருடின் வடிவமைத்த மிஷின்தான் உலகச் சந்தையைத் திறந்துவிட்டது. அதுவரை பெரும்பாலான கணக்கு மிஷின்களில் ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனி வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று முதல் ஒன்பது வரை பொத்தான், இல்லையென்றால் தள்ளுகட்டை. ருடின் மொத்தத்தையும் பத்தே பொத்தானுக்குள் அடக்கிவிட்டார். கண் தாளில், ஒரு கை பொத்தானில், மறு கை கைப்பிடியில். உள்ளே பல்சக்கரங்கள், அமுக்கிய எண்ணுக்கு ஏற்ப அத்தனை பற்கள் வெளியே நீளும், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் அந்த எண் கூடும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கழியும். இதற்குத் துல்லியமாகக் கடைந்த எஃகு உறுப்புகளும், அவற்றைப் பொருத்தத் தேர்ந்த கைகளும் நிறைய வேண்டும். ஊரில் பாதிப்பேருக்கு வேலை கிடைத்ததற்கும், பிற்பாடு அந்த வேலை போனதற்கும் காரணம் இதுதான்.

கழகம் தொடங்கியது 1907-ல். மேல்மட்ட லீக்கான ஆல்ஸ்வென்ஸ்கானில் முதலில் ஆடியது 1951-52 பருவத்தில். ஒரே பருவத்தில் இறங்கிவிட்டார்கள். திரும்பி வந்தது 1968-ல். சுவீடனில் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்ற தடை நீங்கியது 1967-ல்தான். அதற்குப் பிறகும் கால்பந்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாத நிலை. பெரிய நகரக் கழகங்கள் நுழைவுச்சீட்டுப் பணத்தை நம்பின. ஓட்விடாபெரியில் ஃபேசிட் வேலை கொடுத்தது. வேறு ஊரிலிருந்து ஒரு நல்ல ஆட்டக்காரரை அழைக்கும்போது நிலையான வேலையையும் சேர்த்துக் காட்ட முடிந்தது. எலோஃபின் மகன் குன்னார் எரிக்சன் ஃபேசிட்டின் தலைவர். 1970 முதல் 1975 வரை சுவீடன் கால்பந்துச் சம்மேளனத்துக்கும் அவரே தலைவர். ஆலை, கழகம், சம்மேளனம் மூன்றையும் ஒரே குடும்பம் தொட்டுக்கொண்டிருந்த காலம் அது.

1970-லும் 1971-லும் சுவீடன் கோப்பை. அதனால் கிடைத்த ஐரோப்பிய வாய்ப்பில் 1971 இலையுதிர் காலத்தில் எதிரே வந்தது லண்டன் கழகமான செல்சி. அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் ஆடும் கோப்பை வென்றோர் கோப்பையின் நடப்பு வெற்றியாளர். முந்தைய சுற்றில் லக்சம்பர்க் அணி ஒன்றை இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து 21-0 என்று நொறுக்கிவிட்டு வந்திருந்தது. கொப்பார்வாலனில் 0-0. லண்டனில் ஆலன் ஹட்சன் கோல் போட்டார். செல்சி ஒரு பெனால்ட்டியை வீணாக்கியது. ரோலண்ட் சாண்ட்பெரி சமன் செய்தார், 1-1. மொத்தத்தில் 1-1, ஆனால் எதிரணி மைதானத்தில் போட்ட கோல் சமநிலையில் முந்தும் என்பது அன்றைய விதி. செல்சி வெளியே. இந்த விதி இருக்கும்போது சொந்த மைதானத்தில் கோல் வாங்காமல் 0-0 என்று முடிப்பது எவ்வளவு பெரிய மூலதனம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. அடுத்த சுற்றில் கிழக்கு ஜெர்மனியின் டைனமோ பெர்லினிடம் தோற்றார்கள்.

1972-ல் லீக்கில் 12 அணி, ஆளுக்கு 22 ஆட்டம், வெற்றிக்கு 2 புள்ளி. சாண்ட்பெரி 16 கோல், டெகர்ஃபோர்சிலிருந்து வந்த ரால்ஃப் எட்ஸ்ட்ரோம் 16 கோல். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிக கோல் போட்டவர்கள் இந்த இருவரும்தான். எட்ஸ்ட்ரோம் நெட்டையானவர், தலையால் முட்டுவதில் கெட்டிக்காரர், சாண்ட்பெரி வேகக்காரர். ஒருவர் பந்தை இறக்கிக்கொடுப்பார், மற்றவர் ஓடி எடுப்பார். தடுப்பவர்களுக்கு யாரைப் பிடிப்பது என்ற குழப்பம் தீரவே தீராது.

1973 இலையுதிர் காலத்தில், லீக் வென்ற அணிகள் ஆடும் ஐரோப்பியக் கோப்பையின் முதல் சுற்றில் எதிரே மேற்கு ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக். அங்கே 3-1 என்று தோற்று வந்தார்கள். கொப்பார்வாலனில் அதே 3-1-ஐத் திருப்பிக் கொடுத்தார்கள். கான்னி டோர்ஸ்டென்சன் இரண்டு கோல். மொத்தம் 4-4, வெளியூர் கோலும் ஆளுக்கு ஒன்று. ஊலி ஹோனஸ் போட்ட அந்த ஒரு கோல் மட்டும் இல்லையென்றால் பெக்கன்பாவர், முல்லர், மையர் எல்லாரும் முதல் சுற்றிலேயே வீடு திரும்பியிருப்பார்கள். கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. பெனால்ட்டியில் பேயர்ன் 4-3. தங்களைத் திணறடித்த டோர்ஸ்டென்சனைப் பேயர்ன் உடனே வாங்கிக்கொண்டது. 1974, 75, 76 என்று மூன்று ஐரோப்பியக் கோப்பை அவர் கணக்கில் சேர்ந்தன.

1973-ல் எட்ஸ்ட்ரோம் நெதர்லாந்தின் ஐன்டோவன் கழகத்துக்குப் போனார், சாண்ட்பெரி மேற்கு ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்னுக்குப் போனார். 1974 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியிடம் சுவீடன் 4-2 என்று தோற்ற ஆட்டத்தில் சுவீடனின் இரண்டு கோலையும் போட்டது இந்த இருவரும்தான். ஊருக்கு அது பெருமை. கழகத்துக்கு ஒரே ஆண்டில் முன்வரிசையே காலி.

அதே சமயத்தில் ஆலையும் சரிந்தது. 1970 வாக்கில் உலகெங்கும் சுமார் 14,000 பேர் ஃபேசிட்டில் வேலை பார்த்தார்கள். மின்னணு கால்குலேட்டர் வந்தபோது அவர்களுக்குத் தெரியாமல் ஒன்றும் இல்லை. ஜப்பானின் ஷார்ப் செய்த மிஷின்களைத் தங்கள் பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால் தொழிற்சாலை முழுதும் எஃகு உறுப்புக்காகக் கட்டியது. மின்னணு மிஷினுக்கு அந்தக் கடைசல்காரர்களும் பொருத்துநர்களும் வேண்டியதில்லை. விலை விழுந்த வேகத்தில் இரண்டு மூன்று ஆண்டுக்குள் சந்தை போய்விட்டது. 1972-73 வாக்கில் ஃபேசிட்டை எலெக்ட்ரோலக்ஸ் வாங்கிக்கொண்டது. ஊர் லீக்கை வென்ற அதே மாதங்கள்.

பழைய வேகத்தில் 1974-75-ல் ஐரோப்பியக் கோப்பையின் காலிறுதிவரை போனார்கள்; அங்கே க்ரைஃப் ஆடிய பார்சலோனாவிடம் தோல்வி. இதில் பருவகாலத்துக்கும் பங்கு உண்டு. சுவீடனில் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிரில் முடியும்; ஐரோப்பியக் காலிறுதி மார்ச்சில் வரும். மாதக்கணக்கில் போட்டி ஆட்டமே இல்லாமல், உறைந்த தரையில் பயிற்சி செய்துவிட்டுப் போய் பருவத்தின் நடுவில் சூடாக இருக்கும் அணியோடு மோத வேண்டும். 1976-ல் கீழ் டிவிஷனுக்கு இறங்கினார்கள். 1978-ல் மேலே வந்து 1982-ல் மறுபடி இறங்கினார்கள்.

பொதுவாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடுகிறார்கள். அது தப்பு. 2010-ல் இந்தக் கழகம் ஆல்ஸ்வென்ஸ்கானுக்குத் திரும்பியது. அந்த ஆண்டே இறங்கி, 2012-ல் மீண்டும் ஏறி, 2015 வரை நான்கு பருவம் நின்று ஆடியது. ஃபேசிட் இல்லை, எரிக்சன் குடும்பம் இல்லை, ஆட்டக்காரருக்குக் காட்ட ஆலை வேலையும் இல்லை. 16 அணி லீக்கில் ஸ்டாக்ஹோம், கோதன்பர்க், மால்மோ கழகங்களோடு ஏழாயிரம் பேர் ஊர். என்னைக் கேட்டால் 1972-ஐவிட இதைத்தான் பெரிய சாதனை என்பேன்.

தம்பி கேட்ட இன்னொரு கேள்வி, பணக்காரர் ஒருவர் வந்து இந்தச் சின்னக் கழகங்களை வாங்கிவிட முடியாதா என்பது. முடியாது. 1999 முதல் கழகங்கள் பங்கு நிறுவனம் தொடங்கலாம், ஆனால் ஓட்டுரிமையில் 51 சதவீதம் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும். மியெல்பியும் அப்படித்தான். 2025-ல் அவர்கள் எடுத்தது 30 ஆட்டத்தில் 75 புள்ளி, ஒரே தோல்வி. ஒற்றை ஆலையின் முதுகில் ஏறாமல் வந்த வெற்றி என்பதால் ஓட்விடாபெரி போலச் சட்டென்று சரியாது என்று நம்புகிறேன். ஆனால் ஆட்டக்காரர்களைப் பெரிய கழகங்கள் தூக்கிப்போகும் தொல்லை 1973-ல் இருந்தது போலவே இன்றும் இருக்கிறது.

கோடையில் சுவீடன் போகிறவர்களுக்கு: ஸ்டாக்ஹோமிலிருந்து லின்ஷோப்பிங்குக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே வெஸ்டர்விக் போகும் டீசல் ரயிலுக்கு மாறினால் ஓட்விடாபெரியில் நிற்கும். ஊரில் ஃபேசிட் மிஷின்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. திறக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கழகத்தின் ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் நடுவில் போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்