மறுமொழி: ரிமோட் டெஸ்க்டாப்புக்குத் தமிழ்ச்சொல் – 'திரை' போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

வேறிடத்துக் கணினியை இங்கிருந்தே பார்த்து இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்புக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். வந்த பரிந்துரைகளில் 'தொலைமேசை', 'தொலைநிலைப் பணிமேடை' இரண்டையும் விட்டுவிடலாம். திரைக்குள் மேசை இருப்பதாக ஆங்கிலத்தில் பாவித்துக்கொண்டார்கள் என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ஜூரோங் நண்பர் முன்வைத்த 'தொலைத்திரை' அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. 1990களில் கேம்பிரிட்ஜ் ஆய்வகமொன்றில் பிறந்த விஎன்சி என்ற ரிமோட் டெஸ்க்டாப் முறை, திரையில் மாறிய பகுதிகளைச் செவ்வகம் செவ்வகமாக அனுப்புகிறது. வருவது வெறும் படம் என்பதால்தான் விண்டோஸ் திரை லினக்ஸிலும் மேக்கிலும் தெரிகிறது என்கிறார். சரிதான். ஆனால் அது வரும் பாதி. போகும் பாதியில் விசைகளும் சுட்டியும் இருக்கின்றன. தமிழில் தட்டச்சு செய்கிறவர் அவதிப்படுவது அங்கேதான்.

வீட்டு மேக்கில் தமிழ்99 விசைப்பலகையைப் போட்டுக்கொண்டு அலுவலக விண்டோஸில் 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் முறையான ஆர்டிபி வழக்கமாக அனுப்புவது எழுத்தை அல்ல, விசையின் இட எண்ணை. அந்தப் பக்கம் ஆங்கில விசைப்பலகை இருந்தால் ஏ, கே, கே, கியூ என்று வந்து நிற்கும். தமிழ்99 அங்கே இருக்க வேண்டும். விஎன்சியில் கதை வேறு: விசையின் இடம் போகாது, அது தரும் குறியின் எண் போகும். இங்கிருந்து தமிழெழுத்தே போனாலும், அதை என்ன செய்வதென்று அந்தக் கணினிக்குத் தெரிய வேண்டுமே! இத்தனையும் நடக்கும் ஒன்றுக்குத் 'திரை' என்று மட்டும் பெயர் வைப்பது எப்படி?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வங்கியிலிருந்து பேசுகிறோம், இணையச் சேவை நிறுவனத்திலிருந்து பேசுகிறோம் என்று அழைத்து, இத்தகைய செயலியை நிறுவச் சொல்லும் மோசடி பற்றி சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்துவிட்டது. சமூக மன்ற வகுப்பில் அதை விளக்கியபோது ஒரு பெரியவர், "ஸ்கிரீனத்தானே பாக்கப்போறான், பாத்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார். ஸூமில் பேரப்பிள்ளைகளோடு திரைப்பகிர்வு செய்து பழகியவர். தொலைத்திரை என்று நாம் எழுதிக் கொடுத்தால் அவர் எண்ணம்தான் உறுதிப்படும். பார்ப்பவன் பணத்தையும் மாற்றுவான் என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை 'தொலையியக்கம்'. தொலைக்காட்சி ரிமோட்டைத் தொலையியக்கி என்று ஏற்கெனவே சொல்கிறோம். டிரோனையும் அப்படித்தானே இயக்குகிறார்கள் என்று கேட்பீர்கள். முதல் முறை 'கணினித் தொலையியக்கம்' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். வெறுமனே காட்டுவதற்குத் திரைப்பகிர்வு இருக்கவே இருக்கிறது.

இரு முனைக் கணினிகளுக்கு 'வழங்கி' (சர்வர்), 'வாங்கி' (கிளையன்ட்) வேண்டாம். லினக்ஸில் திரைச் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவில் வழங்கி என்பது நம் முன்னால் இருக்கும் கணினியில் ஓடுவது; லினக்ஸ்காரர்கள் உடனே சண்டைக்கு வருவார்கள். 'இயக்குகணினி', 'இயங்குகணினி' இலக்கணப்படி அழகுதான், ஆனால் தொலைபேசியில் சொன்னால் எது எதுவென்றே விளங்காது. 'அண்மைக்கணினி', 'சேய்மைக்கணினி' எப்படி? அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு படித்த மாணவருக்கு விளக்கமே தேவைப்படாது.

வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். 'தொலையாட்சி' மட்டும் வேண்டாம். ஆளுநரை எங்கே உட்கார வைப்பது?